மீர் நிலையமும் ஒரு கட்டைவிரலும்

விண்வெளி நிலையம் வானிலே மிதக்கிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மிதப்பது பெரிய காரியமன்று. திசை தவறாமல் மிதப்பதே காரியம். அதன் சூரியத் தகடுகள் கதிரவனை நோக்கியிருக்க வேண்டும். அந்த நோக்குப் பிசகினால் மின்சாரம் குன்றும். மின்சாரம் குன்றினால் உள்ளே இருப்பவர்களின் மூச்சுக் காற்றைச் சுத்திகரிக்கும் பொறிகளும் நின்றுவிடும்.

இந்த நோக்கைக் காப்பவை சுழலிகள். வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சை விட்டுச் சாய மறுப்பதைச் சிறுவயதிலே கண்டிருக்கிறோம். அதே நியதிதான். கனத்த சில்லொன்றை ஓயாது சுழலவிட்டு அதன் அச்சைச் சற்றுத் திருப்பினால், நிலையம் முழுவதும் திரும்பும். எரிபொருள் வேண்டியதில்லை, மின்சாரம் போதும். ஆனால் மின்சாரம் கிடைக்கத் திசை வேண்டும், திசையைக் காக்க மின்சாரம் வேண்டும் என்ற சிக்கல் இங்கேதான் பிறக்கிறது.

சோவியத் நாடு 1986 பெப்ரவரி 20ஆம் திகதி ஏவிய மீர் நிலையத்தில் இச்சுழலிகள் பன்னிரண்டு இருந்தன. 1987இல் இணைக்கப்பட்ட குவாந்த் கூடத்தில் ஆறு. 1989இல் வந்த இரண்டாம் குவாந்தில் ஆறு. ('மீர்' என்ற ருஷ்யச் சொல்லுக்கு அமைதி, உலகம் என இரு பொருளும் உண்டு. பெயர் வைத்தவர் சொல்லருமை அறிந்தவர்.) ஒன்று பழுதானால் இன்னொன்று தாங்கும் என்பதே ஏற்பாடு. ஆயினும் பன்னிரண்டும் ஒரே கிணற்றில் நீர் அள்ளிய வாளிகள். கிணறு வற்றினால் வாளிகளை எண்ணி என்ன பயன்?

கிணறு வற்றிய நாள் 1997 யூன் 25. சோவியத் நாடு சிதைந்த பின், சரக்குக் கலங்களைத் தாமாகவே வந்து பொருந்தச் செய்யும் கருவி உக்ரைனிலிருந்து விலைகொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. செலவைக் குறைக்க, கையாலே இயக்கிப் பொருத்தலாமா என்று பரீட்சித்தார்கள். தளபதி வசிலி சிப்லியெவ் தொலைக்காட்சித் திரையைப் பார்த்தபடி புரோகிரஸ் கலத்தை இயக்கினார். அது வேகம் தணியாமல் வந்து ஸ்பெக்தர் கூடத்தில் மோதியது. சூரியத் தகடு சிதைந்தது. கூடத்தின் சுவரிலே துளை விழுந்தது. வளியமுக்கம் இறங்கத் தொடங்கியது.

ஸ்பெக்தரின் வாயிலை உடனே மூட முடியவில்லை. அதனூடாக மின்வடங்கள் பல ஓடிக்கொண்டிருந்தன. அலெக்சாண்டர் லசுத்கினும் அமெரிக்கரான மைக்கேல் ஃபோலும் அவற்றைக் கழற்றியும் அறுத்தும் வழியைத் துப்புரவாக்கி, மூடியொன்றை இட்டு அடைத்தார்கள். காற்று நின்றது. ஆனால் அறுபட்ட வடங்கள்தாம் நிலையத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டுவந்தவை. உயிரைக் காத்த செயலே விளக்கையும் அணைத்தது.

மோதலின் வேகத்தில் நிலையம் உருளத் தொடங்கியிருந்தது. எவ்வளவு வேகத்தில், எத்திசையில் உருள்கிறது என்பதை அளந்தறிந்தாலன்றி நிறுத்த முடியாது. ஃபோல் கேம்பிறிட்ஜில் பௌதிகம் பயின்றவர். யன்னலருகே சென்று, கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி, அதன் அகலத்தைக் கடக்க விண்மீன்களுக்கு எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு பாகை! அந்தக் கணக்கைத் தரைக்கு அறிவிக்க, மொஸ்கோவிலிருந்தவர்கள் உந்திகளை இயக்கி உருட்சியை அடக்கினார்கள். பழைய மாலுமிகள் கடலிலே செய்ததற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

உருட்சி அடங்கியது, ஆனால் தகடுகள் கதிரவனை நோக்கவில்லை. பற்றரிகள் தீர்ந்தன, சுழலிகள் ஓய்ந்தன, விசிறிகளும் நின்றன. இருளிலே எஞ்சியது, வீடு திரும்புவதற்கென்று நிலையத்தோடு பொருத்தி வைத்திருந்த சோயுஸ் கலம். அதற்குத் தனிப் பற்றரி, தனி எரிபொருள், தனி உந்திகள். அதன் உந்திகளைச் சிறுகச் சிறுக இயக்கி முழு நிலையத்தையும் கதிரவன் பக்கம் திருப்பினார்கள். ஓடம் கப்பலை இழுத்துத் திருப்பிய கதை இது. மீரைக் காத்தவை, அதன் பன்னிரண்டு சுழலிகளோடு எவ்வித உறவுமில்லாத ஒரு விரலும் ஒரு தப்பியோடும் கலமுமே.

இந்தப் பாடம் முழுதும் படிக்கப்பட்டதா என்பது ஐயம். 2007 யூனில் சர்வதேச விண்வெளி நிலையத்தின் ருஷ்யப் பகுதியிலிருந்த கணனிகள் செயலிழந்தன. ஒன்று தவறினால் மற்றவை தொடரும்படி மும்மூன்றாக வைக்கப்பட்டிருந்தவை, எல்லாமே ஒருசேர நின்றன! அமெரிக்கச் சுழலிகள் ஓடிக்கொண்டிருந்தாலும், அவை ஏற்கும் கோணவுந்தம் நிரம்பி வழியும்போது உந்திகளின் துணை வேண்டும். அவ்வுந்திகளை ஆண்டவை அந்தக் கணனிகளே. நல்லகாலமாக அட்லாண்டிஸ் ஓடம் அங்கே பொருந்தியிருந்தது. தன் உந்திகளால் அது துணைநின்றது.

முதலில் புதிதாகப் பொருத்திய சூரியத் தகட்டின்மீது பழி விழுந்தது. தேடிப் பார்த்தபோது குற்றவாளி வேறு. மூன்றுக்கும் பொதுவான மின் கண்காணிப்புப் பெட்டியின் இணைப்பிலே ஈரம் படிந்து துருவேறி, 'நில்' என்ற கட்டளையை மூன்றுக்கும் ஒருங்கே அனுப்பியிருந்தது. பியோதர் யூர்ச்சிகினும் ஒலெக் கோத்தொவும் ஒரு துண்டு வயரினால் அந்தப் பெட்டியைத் தாண்டி இணைப்புக் கொடுத்தனர், கணனிகள் விழித்தன. யூன் 19ஆம் திகதி அட்லாண்டிஸ் நிலையத்தை விட்டு விலகிப் பூமிக்குப் புறப்பட்டது.