நான்கு அங்குலத்துக்குள் ஒரு பிழை

1802ஆம் ஆண்டுச் சித்திரை வெயிலில், பரங்கிமலைக்கருகே ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக்கோட்டினை, மரப்பெட்டிகளில் கிடத்திய எஃகுச் சங்கிலியால், உஷ்ணத்தில் இரும்பு நீளுவதையும் கணக்கிற்கொண்டு அளந்த நில அளவையாளர் வில்லியம் லாம்டன், அதன்மேல் முக்கோணங்களைத் தொடுத்து மேற்கே சென்றபோது, கணிதம் சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. 1804இல் பெங்களூரருகே வேறொரு கோட்டினை நேரிலேயே அளக்கச் செய்து, முக்கோணக் கணக்கு சொன்ன நீளத்தோடு ஒப்பிட்டார். வித்தியாசம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு.

இன்று பழைய நிலப்படத்தைக் கணினியில் பூமியோடு பொருத்துவோர், மூன்றே புள்ளிகளை வைத்து, மென்பொருள் பிழை பூஜ்யமென்று காட்டியதும் பூரித்துப்போகிறார்கள். மூன்று புள்ளிகளென்றால் சாதாரண நேரியல் பொருத்தம் எந்தப் படத்துக்கும் பூஜ்யந்தான் காட்டும் (தவறான படத்துக்குங்கூட!). பொருத்தத்தில் சேர்க்காத வேறொரு புள்ளி எவ்வளவு விலகுகிறதென்பதே உண்மையான பரீட்சை. லாம்டனுக்குப் பெங்களூர்க் கோடு அந்தப் பரீட்சையாயிற்று.