சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாக்கள்: சேற்றிலிருந்து கழிவுநீர்க் குழி வரை

சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாக்கள் என்பவை ஆக்சிஜன் இல்லாத இடங்களில் சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் நுண்ணுயிரிகள் ஆகும். மனிதர் உணவிலிருந்து ஆற்றல் பெற ஆக்சிஜன் தேவை. இந்நுண்ணுயிரிகளுக்கு அந்த வேலையைச் சல்பேட் செய்கிறது. அதன் முடிவில் இவை ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. அழுகிய முட்டையின் நாற்றம் இந்த வாயுவினுடையதே. தேங்கிய குளத்தின் அடிச்சேறு கறுத்திருப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். வாயு மண்ணிலுள்ள இரும்புடன் சேர்ந்து கரிய இரும்பு சல்பைடாகிறது.

கண்டுபிடிப்பு

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பணியாற்றிய மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க் 1895இல் இவ்வகைப் பாக்டீரியாவை முதன்முதலில் பிரித்தறிந்தார். கால்வாய்ச் சேற்றின் நாற்றம் வெறும் அழுகலால் வருவதன்று, ஓர் உயிரின் சுவாசத்தால் வருவது என்பது அப்போது தெளிவாயிற்று. 1936இல் குளுய்வரும் வான் நீலும் இதற்கு டீசல்போவிப்ரியோ என்ற பேரினப் பெயரை அளித்தனர். பின்னர் பிரிட்டிஷ் அறிஞர் ஜான் போஸ்ட்கேட் இவற்றின் சுவாச முறையை விரிவாக ஆராய்ந்து, 1979இல் இவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இரும்பும் கான்கிரீட்டும்

காற்றுப் புகாத களிமண்ணில் புதைத்த இரும்புக் குழாய் அரிக்காது என்றே பொறியாளர்கள் எண்ணியிருந்தனர். ஆனால் அத்தகைய குழாய்களும் அரித்துப் போயின. அதற்குச் சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாக்கள் காரணம் என்று 1934இல் இரு டச்சு ஆய்வாளர்கள் விளக்கினர். 1945இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பார்க்கர் என்பவர் சாக்கடைக் குழாய்களின் சிதைவை ஆராய்ந்தார். கழிவுநீரிலிருந்து மேலெழும் ஹைட்ரஜன் சல்பைடு குழாயின் மேற்கூரை ஈரத்தில் படிகிறது. அங்கு வாழும் வேறொரு வகைப் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் கான்கிரீட்டைத் தின்கிறது.

இந்தியாவில்

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1944இல், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐயா, சீனிவாசய்யா ஆகியோர் மசூலிப்பட்டினம் அருகே கிழக்குக் கடற்கரையில் காணப்பட்ட கந்தகப் படிவுகளில் வாழும் பாக்டீரியாக்களை ஆராய்ந்து 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினர். தமிழகத்தில் காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியாரின் நிலக்கொடையாலும் பொருளுதவியாலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953இல் திறக்கப்பட்டது. நுண்ணுயிரிகளால் உலோகம் அரிக்கப்படுவது அங்கு ஆராயப்படும் பொருள்களுள் ஒன்று.

சுற்றுச்சூழலில்

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் உள்ளது. ஆகவே பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற அலையாத்திக் காடுகளின் சேறு இவற்றுக்கு ஏற்ற இருப்பிடம். உதிர்ந்த இலைகள் சிதைந்து மீண்டும் உணவுச் சுழற்சிக்குள் வருவதில் இவற்றின் பங்கு பெரிது. உலோகக் கழிவுகளைத் தூய்மைப்படுத்தவும் இவை உதவுகின்றன. நெதர்லாந்தின் பூடல் துத்தநாக ஆலையில் 1992 முதல், நிலத்தடி நீரில் கலந்த துத்தநாகத்தை இவற்றைக் கொண்டு சல்பைடாகப் படியவைத்துப் பிரித்தனர்.

தீமையும் உண்டு. பாதரசத்தை, மீன் வழியாக மனிதரை அடையும் கொடிய மெத்தில் பாதரசமாக மாற்றுவதில் இவற்றுக்கு முக்கியப் பங்குண்டு என்பது 1985இல் தெரியவந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத் தோல் பதனிடும் தொழிலில் சல்பேட்டும் சல்பைடும் பயன்படுகின்றன. அக்கழிவுநீர் காற்றின்றித் தேங்கினால் நச்சு வாயு உருவாகும்.

மனித உடலில்

பலருடைய பெருங்குடலில் இப்பாக்டீரியாக்கள் சிறிதளவில் இயல்பாகவே வாழ்கின்றன. பெருங்குடல் புண் நோயுடன் இவற்றுக்குத் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வுகள் கூறினாலும், இவைதாம் காரணம் என்று நிறுவப்படவில்லை. உயிருக்கு நேரடி ஆபத்து குடலுக்குள் இருந்து வருவதில்லை. மூடிய குழிகளிலிருந்து வருகிறது.

கழிவுநீர்க் குழிகளில்

சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு காணப்படும் செப்டிக் டேங்க், பெருநகரங்களின் பாதாளச் சாக்கடை ஆகிய இரண்டும் இவற்றின் வாழிடங்களே. மலக்கழிவில் உணவு உண்டு, நீரில் சல்பேட் உண்டு, காற்று இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. எனவே குழியின் அடியில் தங்கும்.

மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு இதை உணர்ந்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கும்போது முகரும் உணர்வு மரத்துப்போகிறது. நாற்றம் போய்விட்டது என்று நினைப்பவர் உண்மையில் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார். 500 பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களிலேயே மயங்கி விழ நேரிடும். 1000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சே போதும். சகதியைக் கிளறும்போது உள்ளே அடைபட்ட வாயு திடீரென வெளிவருவதால், மூடியைத் திறந்துவைத்து ஆறப்போட்ட குழியும் பாதுகாப்பானதன்று. விளக்கை ஏற்றி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஆக்சிஜன் இருக்கிறதா என்பதைத்தான் காட்டும், நச்சு வாயுவைக் காட்டாது. மீத்தேன் இருந்தால் தீப்பற்றவும் கூடும். விழுந்தவரைக் காப்பாற்றத் தக்க கருவியின்றி இறங்குபவர் அடுத்தடுத்து மடிவது இதனாலேயே.

சட்டம்

கையால் மலம் அள்ளும் பணிக்கு ஆட்களை அமர்த்துவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் தூய்மை செய்ய ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. இவ்வாறு இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. 1993 முதலான இறப்புக் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் உள்ளது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக இவ்வேலைக்குள் தள்ளப்பட்ட சாதியினர்.

இந்த வாயு எப்படி உருவாகிறது என்பது தெரிந்து நூறாண்டுகளுக்கு மேலாகிறது. பாக்டீரியாவைச் சாக்கடையிலிருந்து முற்றிலும் ஒழிக்க முடியாது. ஆளை இறக்காமல் இருக்க முடியும். கழிவு உறிஞ்சும் லாரி, அடைப்பு நீக்கும் இயந்திரம், வாயு அளக்கும் கருவி ஆகியவை இன்று கிடைக்கின்றன. செப்டிக் டேங்க் நிரம்பியதும் லாரியை அழைப்பதா, ஆளை அழைப்பதா என்பதை வீட்டுக்காரர்தான் முடிவு செய்கிறார்.