மைசூர்ப் பருப்பு

மைசூர்ப் பருப்பு: அவரைக் குடும்பத்துச் சிறுசெடி ஒன்றின் விதையைத் தோல் நீக்கி உடைத்து எடுக்கும் பருப்பு. தோலோடு இருக்கும்போது பழுப்பு நிறம். தோல் போனால் செங்காவி நிறம். பெயரைக் கேட்டு மைசூரில் விளைவது என்று பலர் எண்ணுவர். ஆனால் இந்தியாவில் இது மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், பீகார், வங்கம் ஆகிய பகுதிகளின் குளிர்காலப் பயிர். சமஸ்கிருதத்தில் மசூர, இந்தியில் மசூர். அச்சொல்லே தமிழில் மைசூர் ஆயிற்று.

மனிதன் முதன்முதலில் பயிராக்கிய பருப்புவகைகளுள் இது ஒன்று. மேற்காசியாவில் கோதுமை, வாற்கோதுமையோடு சேர்ந்தே வயலுக்கு வந்தது. கிரேக்கத்தின் பிரான்க்தி குகையில் காட்டுவகை விதைகள் கிடைத்தன. இஸ்ரேலின் இஃப்தாஹேல் என்னும் புதிய கற்கால ஊரில் சேமித்து வைத்த விதைகள் குவியலாகவே கிடைத்தன. அக்குவியலில் வயற்களையின் விதைகளும் கலந்திருந்ததால், அவை காட்டில் பொறுக்கியவை அல்ல, விதைத்து அறுத்தவை என்பது தெளிவு. விவிலியத்தின் ஆதியாகமத்தில் ஏசா தன் மூத்தமகன் உரிமையை யாக்கோபுக்கு விற்றது சிவந்த பருப்புக் கூழுக்காகத்தான். லின்னேயஸ் 1753இல் இச்செடிக்கு எர்வம் லென்ஸ் என்று பெயரிட்டார். இன்று வழங்கும் லென்ஸ் குலினாரிஸ் என்பது தாவரவியலாளர் மெடிக்கஸ் 1787இல் இட்ட பெயர். கண்ணாடி வில்லைக்கு லென்ஸ் என்னும் பெயர் வந்ததும் இந்த விதையின் வடிவத்தால்தான்.

தமிழகச் சமையலில் துவரம்பருப்புக்கே முதலிடம். மைசூர்ப் பருப்பை நாள்தோறும் சமைக்கும் தமிழர் இலங்கைத் தமிழரே. இதன் பக்குவமும் அவர்கள் கையில்தான் சிறக்கிறது. ஊறவைக்க வேண்டியதில்லை. கழுவும் நீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை அலச வேண்டும். ஒரு கோப்பைப் பருப்புக்கு மூன்று கோப்பை நீர் விட்டு, மஞ்சள், வெங்காயம், பச்சைமிளகாய், உள்ளி (பூண்டு), கறிவேப்பிலை, கிடைத்தால் ஒரு துண்டு ரம்பை இலை சேர்த்து அடுப்பில் ஏற்றுவர். முதற்கொதியில் வெண்ணுரை பொங்கும். அதை அகப்பையால் எடுத்துவிட வேண்டும். கால்மணி நேரத்தில் செந்நிறம் மறைந்து பொன்மஞ்சளாகும். ஒரு பருப்பை இருவிரலால் நசுக்கினால் திப்பியின்றி மசிவதே பதம். தேசிக்காய்ப்புளியை (எலுமிச்சைச் சாற்றை) முன்னதாக விட்டால் பருப்பு வேகாது. அது இறக்கிய பிறகே. குக்கர் இதற்குத் தேவையே இல்லை. நுரை ஆவித்துளையை அடைப்பதுதான் மிச்சம்.

வெந்தபின் உப்பும், தேங்காயின் இரண்டாம் பாலான கப்பிப்பாலும், கடைசியில் கெட்டியான முதற்பாலும் விடுவர். முதற்பால் விட்டபின் ஒரே கொதி; மேலும் கொதித்தால் பால் திரைந்துவிடும். கடுகு, நற்சீரகம், செத்தல்மிளகாய், சின்ன வெங்காயம் தாளித்துக் கொட்டினால் கறி முடிந்தது. சோற்றுக்கும் இடியப்பத்துக்கும் பாணுக்கும் (ரொட்டிக்கும்) இதற்கு இணையான எளிய துணை வேறில்லை.

நூறு கிராம் உலர்பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. ஆனால் விக்கைப் பயறு (வெட்ச்) என்னும் வேறொரு பயறும் உடைத்தால் இதே நிறமாக இருப்பதால், அது மைசூர்ப் பருப்பு என்ற பெயரில் விற்கப்பட்டதை நேச்சர் இதழ் 1992இல் வெளிப்படுத்தியது; விக்கைப் பயற்றில் நரம்பைத் தாக்கும் நச்சு உண்டு.

இலங்கையில் இன்று உண்ணப்படும் மைசூர்ப் பருப்பு ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் விளைந்து கப்பலில் வருகிறது.