முதற் பயணத்தின் விலை

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், கப்பல் வேலை நாடிக் கல்கத்தாத் துறைமுகத்துக்கு வந்த சிற்றூர் இளைஞன் முதலிற் கண்டது கடலை அன்று, செராங்கையே. செராங்கு என்பான் இந்திய மாலுமிகளின் தலைவன். ஆட்களைத் திரட்டுவோனும் அவனே. கப்பலில் அவர்களை அடக்கியாள்வோனும் அவனே. சில்ஹெட், நவகாளி முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோர், தம் ஊரவர் நடத்திய விடுதிகளில் கடனுக்கு உண்டு உறங்கி, மாதக்கணக்கிற் காத்துக் கிடந்தனர். கப்பலில் இடம் கிடைக்கச் செராங்குக்கும் தரகர்க்கும் கையூட்டு அளிக்கவேண்டும். கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிக் கொட்டும் வேலைக்குத்தான் இத்தனை பாடு! ஐரோப்பிய மாலுமியின் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான் இவர்களுக்குக் கிட்டியது; அதிலும் முற்பகுதி கடனுக்கே போயிற்று.

1920இல் இத்தாலியின் ஜெனோவா நகரிற் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு, மாலுமிக்கு வேலை தேடித் தருவதற்குக் கட்டணம் பெறலாகாது என்று உடன்படிக்கை இயற்றியது. ஆயினும் கப்பல் முதலாளிகள் செராங்கைக் கைவிட விரும்பினாரல்லர். ஆட்களைச் சேர்க்கவும் அடக்கவும் அவனினும் மலிவான வழி ஏது? எண்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையிலும் அதே தடையை எழுதவேண்டியிருந்தது. அதன்படி மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம், கடப்பிதழ் ஆகியவற்றின் செலவு மட்டுமே மாலுமியைச் சேரும். விசாக் கட்டணமும் கப்பல் உரிமையாளருடையதே.