பாடநூலின் மண்புழுவும் வகுப்பறையின் மண்புழுவும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் கல்லூரிகளில் விலங்கியல் பயின்ற மாணவர் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்த பாடநூல்களையே நம்பியிருந்தார். அவற்றில் விளக்கப்பட்ட மண்புழு ஐரோப்பாவின் லும்பிரிகஸ். மேசைமேல் அவர் அறுத்துப் பார்த்ததோ இந்திய மண்ணின் பெரிட்டிமா.

இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கரம் நாராயண் பாஹல் 1919இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. லும்பிரிகஸின் கழிவுநீக்கக் குழல்களான நெப்ரீடியாக்கள் உடலுக்கு வெளியே திறப்பவை. பெரிட்டிமாவின் இடைச்சுவர் நெப்ரீடியாக்களோ குடலுக்குள் திறக்கின்றன. கழிவோடு வரும் நீரைக் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ள இவ்வமைப்பு உதவுகிறது என்பது அவர் தந்த விளக்கம். ஆக, பாடநூலைப் பார்த்து வரைந்த மாணவர் தம் கண்முன் இல்லாத ஒன்றையே வரைந்தார்.

இக்குறையைத் தீர்க்க, லக்னோ பல்கலைக்கழகப் பேராசிரியரான பாஹல், இந்திய விலங்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிநூல் என்னும் வரிசையைத் தொடங்கினார். பெரிட்டிமா பற்றிய நூலை 1926இல் அவரே எழுதினார். 1928இல் வெளிவந்த சுறா பற்றிய நூலின் ஆசிரியர், லக்னோவின் இசபெல்லா தோபர்ன் கல்லூரியில் கற்பித்த யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண்மணி இ. எம். தில்லையம்பலம். இறாலும் அட்டையும் பின்னர்ச் சேர்ந்தன.

இன்று இளநிலை வகுப்புகளில் விலங்கறுப்புப் பயிற்சி பெரிதும் குறைந்துவிட்டது. அதனிடத்தில் கணினித் திரை வந்துள்ளது. விலங்குகளுக்கு அது நன்மையே. ஆயினும், திரையில் விரியும் மண்புழு எந்த மண்ணுடையது என்னும் பாஹலின் வினா இன்னும் முடிந்துவிடவில்லை.