சூளையிலும் தொட்டியிலும் ஃப்ளோரைடு

சிமெண்ட் கிளிங்கர் வேகும் சூளையையும் அலுமினியம் பிரியும் மின்பகுப்புத் தொட்டியையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பவர் குறைவு. ஆனால் எளிதில் இளகாத ஆக்சைடுகளே இரண்டுக்கும் சவால். ஃப்ளோரைடே இரண்டுக்கும் துணை. தனித்து உருக 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் கேட்கும் அலுமினா, உருகிய கிரையோலைட் என்ற ஃப்ளோரைடு உப்பில் 960 டிகிரியிலேயே கரைந்துவிடுகிறது. 1,450 டிகிரியை ஒட்டி வேகும் கிளிங்கரில் சிறிது ஃப்ளோர்ஸ்பார் (கால்சியம் ஃப்ளோரைடு) கலந்தால், 100 டிகிரி அளவுக்குச் சூட்டைக் குறைக்க முடிகிறது.

தேவையின் அளவில் இரண்டும் வெகுதூரம். கிரையோலைட் இல்லையென்றால் 1886இல் ஹாலும் ஹெரூல்ட்டும் தனித்தனியே கண்ட அலுமினியம் பிரிக்கும் முறையே இல்லை. ஃப்ளோர்ஸ்பார் இல்லாமலும் சிமெண்ட் வேகும். அங்கே கிரையோலைட் தொட்டியை நிரப்பி நிற்கும் கரைப்பான். இங்கே ஃப்ளோர்ஸ்பார் மூலப்பொடியில் மிகச் சிறிய சேர்மானம்.

உண்மையான உறவு அணுக்களுக்கிடையே இருக்கிறது. ஃப்ளோரைடு அயனியும் ஆக்சைடு அயனியும் ஏறக்குறைய ஒரே பருமன். மின்சுமையில்தான் ஒன்றுக்கு இரண்டு என்ற வேறுபாடு. ஆகவே ஆக்சிஜன் இருந்த இடத்தில் ஃப்ளோரின் இயல்பாகப் பொருந்திக்கொள்கிறது. தொட்டியில் அது அலுமினியத்தைச் சூழ்ந்து, ஆக்சிஜனும் ஃப்ளோரினும் கலந்த அயனிகளாக்கி அலுமினாவைக் கரைக்கிறது. சூளையில், கிளிங்கரின் முக்கியக் கால்சியம் சிலிகேட்டான அலைட்டின் படிகத்துக்குள்ளேயே ஆக்சிஜனின் இடத்தைப் பிடிக்கிறது. அதனால் குலையும் மின்சுமையை யார் ஈடுகட்டுவது? சிலிக்கனின் இடத்துக்கு வரும் அலுமினியம்! சிமெண்டுக்குள்ளும் ஃப்ளோரினின் கூட்டாளி அலுமினியமே என்பது, இந்த ஒப்பீட்டில் எனக்குப் பெருமகிழ்ச்சி தரும் செய்தி. இந்த இணை புகுந்த அலைட், தன் வழக்கமான எல்லையான 1,250 டிகிரிக்குக் கீழும் நிலைத்து நிற்கிறது.

வேலை முடிந்ததும் பாதைகள் பிரிகின்றன. தொட்டியிலிருந்து உலோகம் மட்டும் போகும். புகையாகக் கிளம்பும் ஃப்ளோரைடைக்கூட அலுமினாத் தூளில் பிடித்துத் தொட்டிக்கே திருப்புகிறார்கள். சூளையிலோ பெரும்பகுதி கிளிங்கரிலேயே தங்கிவிடுகிறது. அளவு மிஞ்சினால் அந்தப் பிழை மூட்டையோடு கட்டடத்துக்குப் போகும். கலவை இறுகத் தாமதமாகும், தொடக்க வலிமை குறையும். ஆகவே இரண்டில் சிமெண்ட் ஆலை ஆய்வகத்துக்கே பொறுப்பு கூடுதல் என்பேன்.

இரு தொழில்களும் நேரிலேயே சந்திக்கும் இடமும் உண்டு. சில ஆண்டுகள் உழைத்த தொட்டியின் கரி உட்சுவரைப் பெயர்த்தெடுத்தால், அதில் ஃப்ளோரைடும் சயனைடும் ஊறிக் கிடக்கும். அலுமினிய ஆலைக்குத் தீராத தலைவலியான இந்த நச்சுக்கழிவு சூளைக்கு நல்ல உணவு: கரி எரிபொருளாகிறது, ஃப்ளோரைடு வேகும் சூட்டைக் குறைக்கும் மினரலைசராகிறது, சயனைடு வெப்பத்தில் சிதைந்துபோகிறது. தாராளமாகச் சேர்க்கவிடாமல் தடுப்பது அதிலுள்ள சோடியம். தொட்டியின் கரிக்குள் புகுந்து அதை உப்பவைத்து விரிசல் விடச் செய்வதும் இதே சோடியம்தான். சிமெண்டில் மிகுந்தால், சில வகை ஜல்லியின் சிலிக்காவோடு வினைபுரிந்து கான்கிரீட்டையும் அப்படியே உப்பிப் பிளக்கச் செய்யும்.