பிராட்வேக்கு அடியில ஒரு பள்ளம்

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு தெருவைப் பத்தி. பாரிமுனைப் பக்கம், ஹைகோர்ட்டுக்கு எதிர்ல இருந்து வடக்கே போற பிராட்வே. போர்டுல 'பிரகாசம் சாலை'ன்னு இருக்கும். ஆனா கண்டக்டர்கிட்ட "பிரகாசம் சாலை ஒண்ணு"ன்னு கேட்டா, அவர் உங்களை ஒரு மாதிரிதான் பார்ப்பார்.

இந்த ரெண்டு பேருக்கும் முன்னாடி இங்க தெருவே கிடையாது. இருந்தது ஒரு பள்ளம். ஊர்க் கழிவுநீர் ஓடுற வாய்க்கால். அட்டப்பள்ளம்னு சொல்வாங்க. அதுக்குக் கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. 1707-ல வலங்கை, இடங்கை சாதிகளுக்குள்ள பெரிய கலவரம். கவர்னர் தாமஸ் பிட் அதைத் தீர்த்த விதம் என்னன்னா, இடங்கையினருக்கு முத்தியால்பேட்டை, வலங்கையினருக்குப் பெத்தநாயக்கன்பேட்டைன்னு ஆளைப் பிரிச்சு விட்டது. ஆக, நடுவுல இருந்த பள்ளத்துல சாக்கடையும் ஓடுச்சு, ஊரோட பிரிவினையும் ஓடுச்சு.

1778-ல ஸ்டீபன் போபம்னு ஒரு வக்கீல் மெட்ராஸ் வந்தார். கம்பெனியோட சட்ட வேலைகளைப் பார்த்தவர். இந்தப் பகுதியில நிலம் வாங்கி, பள்ளத்தை மண் போட்டு நிரப்பி, அகலமா ஒரு ரோடு போட வச்சார். அதுதான் போபம்ஸ் பிராட்வே. குறுகலான சந்துகள் நிறைஞ்ச ஊர்ல அது உண்மையிலேயே அகலமான வீதி. இன்னைக்கு அந்த டிராஃபிக்ல நின்னா நம்ப மாட்டீங்க.

போபம் அதோட நிக்கல. 1782-ல நகரத்துக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். போலீஸ் வேணும், ஒவ்வொரு தெருவுக்கும் வடிகால் வேணும், விளக்கு வேணும், பிறப்பு இறப்பைப் பதிவு பண்ணணும். கூடவே இன்னொண்ணும் சொன்னார்: தெருக்களுக்கு ஒழுங்கா பேர் வைக்கணும்!

தெருவுக்குப் பேர் வைக்கச் சொன்ன மனுஷனோட பேரையே அவர் தெரு தொலைச்சிடுச்சு. ஜனங்க முதல்ல 'போபம்ஸ்'ஸை உதிர்த்துட்டாங்க. மிச்சம் பிராட்வே.

அப்புறம் வந்தவர் டங்குடூரி பிரகாசம். இவரும் வக்கீல்தான். 1928-ல சைமன் கமிஷன் எதிர்ப்பு நாள்ல, இதே பாரிமுனைப் பக்கம் போலீஸ் துப்பாக்கி முன்னாடி சட்டையைத் திறந்து நெஞ்சைக் காட்டினவர். 'ஆந்திர கேசரி'ங்கிற பட்டத்தோட சேர்த்து இன்னைக்கும் சொல்லப்படுற கதை அது. 1946-ல மெட்ராஸ் மாகாணப் பிரதமர், 1953-ல ஆந்திர மாநிலத்தோட முதல் முதல்வர். சுதந்திரத்துக்கு அப்புறம் ஒரு தெருவுக்கு அவர் பேர் வைக்கிறதுல நியாயம் இருக்கு. துப்பாக்கிக்கு எதிர்ல நின்ன இடத்துக்குப் பக்கத்துலயே அந்தத் தெரு அமைஞ்சது இன்னும் பொருத்தம்.

எங்க வேலையில ஒரு ஃபைலுக்குப் பேர் மாத்தினா போதாது. அதைக் கூப்பிடுற எல்லா இடத்துலயும் மாத்தணும், இல்லன்னா பழைய பேர் உள்ள ஓடிக்கிட்டே இருக்கும். பிராட்வே அப்படித்தான் ஓடிக்கிட்டு இருக்கு. போர்டை அரசு மாத்திடலாம், வாயை மாத்த முடியாது.

எனக்கு உறுத்துறது வேற. ரெண்டு பேரும் ரெண்டு வக்கீல்களை நினைவுல வச்சாங்க. கூடை கூடையா மண் சுமந்து அந்தப் பள்ளத்தை மூடின கூலிக்காரங்க பேர் எந்தப் போர்டுலயும் இல்ல. அந்தப் பள்ளம் ஊரை எப்படிப் பிரிச்சு வச்சதுங்கிறதும் அதோட மூடிப் போச்சு. தெருவோட பேர் வரலாற்றைச் சொல்லும்னு நினைக்கிறோம். நிறைய நேரம் அது மேல போட்ட மண்ணை மட்டும்தான் சொல்லுது.

உங்க தெருவோட பழைய பேர் என்னன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. கேட்டுட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!